சாமி உண்டியலில் கைமாத்து: அந்த ஒரு ரூபாய் எதற்கு?

திருவாரூர் மகள்:
மாதக்கடைசிச் செலவு பற்றிய இழையில் போன வாரம் கும்பகோணம் கணக்கர் ஐயா எழுதியதை அப்படியே தருகிறேன்: "சாமிக்கென்று போட்ட காசை எடுத்துச் செலவழிக்கிற வீடு உருப்படாது. திருப்பி வைக்கும்போது ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதாகச் சொல்வது சாமியையே ஏமாற்றுவது."

அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உருப்படாத வீடு என்று அவர் சொல்வது என் அம்மாவின் வீட்டை. எங்கள் பூஜை அலமாரியில் மூடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. சமயபுரத்தாளுக்கு என்று அம்மா அதில் பால்காசு மிச்சமும் காய்கறி மிச்சமுமாகப் போட்டுக்கொண்டே இருப்பாள். இருபத்தஞ்சு தேதிக்கு மேல் சிலிண்டர்காரர் வாசலில் வந்து நின்று, கையில் பணமும் இல்லை என்றால், விளக்கை ஏற்றிவிட்டு "தாயே, கைமாத்தா எடுத்துக்கிறேன், ஒண்ணாந்தேதி வெச்சிடுறேன்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் எடுப்பாள். எவ்வளவு எடுத்தாள் என்று தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி பாட்டிலுக்குள்ளேயே போடுவாள். சம்பளம் வந்தால் மளிகைக் கடைக்கும் முன்னால் அந்தக் கடன்தான். எடுத்ததை வைத்து, கூட ஒரு ரூபாய்.

என் அப்பா எந்த வட்டிக்கடைத் திண்ணையிலும் உட்கார்ந்ததில்லை. அது அந்த பாட்டிலால்தான். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று ஐயா சொல்லட்டும்.

கும்பகோணம் கணக்கர்:
அழைத்ததற்கு நன்றி அம்மா. நீங்கள் எழுதியதில் விளக்கு, தாயே, காலண்டர் தாள் எல்லாம் இருக்கிறது. என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அந்த ஒரு ரூபாய் என்ன? வட்டியா? அபராதமா? மனசாட்சிக்குக் கொடுத்த வாய்ப்பூட்டா? ஒரு தனியார் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவன் நான். எந்தத் தலைப்பில் வந்தது என்று சொல்ல முடியாத ஒரு ரூபாயை நான் பேரேட்டில் ஏற்றியதே கிடையாது.

கோவை அம்மிணி:
ஏனுங்க ஐயா, வீட்டுப் பூஜை ரூமுக்கும் தணிக்கையா? எங்க அத்தை மருதமலை முருகனுக்கு மஞ்சத் துணியில முடிஞ்சு வெப்பாங்க. பேரனுக்கு ராத்திரி காய்ச்சல் வந்தப்ப அதுலதான் ஆட்டோவுக்குக் கொடுத்தாங்க. முருகன் கோவிச்சுக்கலைங்க. நீங்கதான் கோவிச்சுக்கறீங்க.

கும்பகோணம் கணக்கர்:
முருகன் கோபிப்பதைப் பற்றிப் பேசினீர்கள், நல்லது. 2024 டிசம்பரில் திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் தவறி விழுந்தது. திரும்பக் கேட்டார். உண்டியலில் விழுந்தது சாமிக்கே சொந்தம், வேண்டுமானால் உள்ளே இருக்கிற தகவல்களை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1975ஆம் வருஷத்து உண்டியல் விதிகளைக் காட்டி அமைச்சரே அதைச் சொன்னார். தவறி விழுந்த போனுக்கே அந்தக் கதி. நீங்கள் தெரிந்து போட்ட காசைத் தெரிந்தே எடுக்கிறீர்கள்.

ராயபுரத்தான்:
கணக்கரே, பாதிக் கதைய மட்டும் சொல்றியே. 2023ல பழனில கேரளா அம்மா ஒண்ணு துளசி மாலையக் கழட்டிப் போடும்போது தங்கச் சங்கிலியும் சேர்ந்து உண்டியல்ல வுழுந்துச்சு. அறங்காவலர் குழுத் தலைவர் தன் சொந்தக் காசுல புதுச் சங்கிலி வாங்கிக் குடுத்தாரு. அது ஏன் உன் பேரேட்டுல ஏறல?

கும்பகோணம் கணக்கர்:
ஏறியிருக்கிறது. அவர் சொந்தக் காசில் கொடுத்தார். சாமி காசு சாமியிடமே இருந்தது. என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொன்னதற்கு நன்றி. மரியாதையில் "நீங்க" என்று ஒரு சொல் தமிழில் உண்டு. போன ஆடியில் கூழுக்குக் கேழ்வரகா கம்பா என்று பேசியபோதும் இதையேதான் உங்களிடம் சொன்னேன்.

ராயபுரத்தான்:
அப்பவும் கேழ்வரகுதான்னு பத்து தபா எழுதுனீங்க. கம்பங்கூழ் ஊத்துற தெருவுல பொறந்தவன் நானு.

நெல்லைச்சீமை:
அண்ணாச்சி, கூழை விடுங்க. எங்க அம்மா உலை வைக்கதுக்கு முந்தி ஒரு கைப்பிடி அரிசி எடுத்து ஆலயத்துக்குன்னு தனிப் பானையில போடுவா. ஞாயித்துக்கிழமை காணிக்கையோட போகும். அடைமழையில அப்பாவுக்கு வேலை இல்லாம, சோத்துப்பானை காலியாக் கெடந்த நாள்ல அந்தப் பானையில இருந்துதான் பொங்குனா. அடுத்து கூலி வந்ததும் ஒரு படிக்கு ஒண்ணேகால் படியாத் திருப்பிப் போட்டா. பிள்ளைய பசியில கிடக்கும்போது பானைய மூடி வைக்கச் சொல்லுத ஆண்டவர் யாரு? மிசோரத்துல 1910ல இருந்து சபைப் பொம்பளைய இந்தப் பிடியரிசியச் சேத்துத்தான் ஊழியத்தத் தாங்குதாவ. அவ்வளவு பெரிய காரியம் அது. அதுல கை வைக்கும்போது அவளுக்கும் கை நடுங்கத்தான் செஞ்சிருக்கும்.

கும்பகோணம் கணக்கர்:
பிடியரிசித் திட்டத்தை ஊர் ஊராகச் சொன்னவர் காஞ்சிப் பெரியவர். அதை ஏதோ மிசோரத்திலிருந்து இறக்குமதி செய்தது போல எழுதுகிறீர்கள்.

நெல்லைச்சீமை:
இறக்குமதின்னு நான் எங்க எழுதுனேன்? எங்க அம்மா செஞ்சான்னு எழுதுனேன். உலை வைக்குத வீட்ல எல்லாம் பிடியரிசி உண்டு. அதுக்கும் பட்டா கேக்கீங்களே.

கும்பகோணம் கணக்கர்:
பட்டா வேண்டாம். அந்தக் கால் படிக்கு விளக்கம் வேண்டும். அங்கே கால் படி, இங்கே ஒரு ரூபாய். இரண்டும் என்ன?

காயல் பிள்ளை:
அஸ்ஸலாமு அலைக்கும். இதில் நான் பாதி கணக்கர் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) பக்கம். எங்களில் இதற்கு அமானிதம் என்று பெயர். ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அவர் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது. என் உம்மா நேர்ச்சைக் காசைத் தனி சுருக்குப்பையில் வைத்திருந்தார்கள். வாப்பா சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பத் தாமதமான மாதங்களில்கூட அதை அவிழ்த்ததில்லை. பக்கத்து வீட்டில் அரிசி கடன் கேட்டார்கள், பையைத் தொடவில்லை. ஆனால் அந்த ஒரு ரூபாயை வட்டி என்று சொல்வது தவறு. பேசி வைத்து வாங்குவதுதான் வட்டி, அது ஹராம். கடனைத் திருப்பும்போது கொடுப்பவர் தானாக மனமுவந்து கூடக் கொடுப்பது நல்ல காரியம்.

திருவாரூர் மகள்:
காயல் அண்ணன் சொன்னதுதான். சமயபுரத்தாள் கேட்டு வாங்கவில்லை. அம்மா தானாகக் கொடுத்தாள். சம்மதம் இல்லாமல் எடுத்தாள் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. கேட்டுவிட்டுத்தானே எடுத்தாள்?

காயல் பிள்ளை:
கேட்டது சரி. பதில் வந்ததா தங்கச்சி?

கும்பகோணம் கணக்கர்:
ஆஹா! இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான். பதில் வந்ததா? வரவில்லை. எடுத்தவரே சம்மதமும் கொடுத்துக்கொண்டார். எடுத்தவரே ஒரு ரூபாய் என்று தொகையையும் தீர்மானித்தார். 800 ரூபாய்க்கும் ஒன்று, 200 ரூபாய்க்கும் ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 ரூபாயைப் பத்து நாள் வைத்திருந்து ஒரு ரூபாய் கொடுத்தால் வருஷத்துக்கு நாலரைச் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். வெளியில் இந்தக் காசுக்கு மூணு வட்டி கேட்பான், மாதம் 24 ரூபாய். அம்மனிடம் என்றால் ஒரு ரூபாயில் முடிகிறது. இதைத்தான் ஏமாற்று என்றேன்.

கோவை அம்மிணி:
நீங்களே கணக்குப் போட்டு நீங்களே தோத்துட்டீங்க ஐயா! போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்குல 4 சதவீதம்தான் தர்றாங்க. திருவாரூர் அம்மா அதுக்கும் மேல கொடுத்திருக்காங்க. சும்மா பாட்டில்ல கிடந்திருந்தா அந்தக் காசுக்கு என்னங்க வந்திருக்கும்? ஒண்ணுமில்ல.

கும்பகோணம் கணக்கர்:
உண்டியல் முதலீடு அல்ல அம்மிணி. அதில் என்ன வந்தது என்று கேட்பதே பிழை. அந்த ஒரு ரூபாயை யாராவது வட்டி இல்லை என்று நிரூபியுங்கள், அல்லது வட்டி என்று ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாமல் பாசம், பசி, காய்ச்சல் என்று கண்ணீரை ஊற்றாதீர்கள்.

ராயபுரத்தான்:
வட்டின்னே வெச்சுக்குவோம். அதுல இன்னா தப்பு? திருப்பதி பெருமாளே கல்யாணத்துக்குக் குபேரன்கிட்ட கடன் வாங்கி இன்னும் வட்டி கட்டிக்கினு இருக்காருன்னுதானே கதை? வேண்டுதல் காச லேட்டா கொண்டு போனா வட்டியோட வாங்கிப்பாருன்னு எங்க ஆயா சொல்லும். வட்டி தெரியாத சாமியா அது?

கும்பகோணம் கணக்கர்:
அதையே நானும் சொல்கிறேன். கடனில் இருக்கிறவர் பெட்டியில் கைவைத்துச் சிலிண்டர் வாங்கலாமா? பெருமாளுக்கு எடுத்து வைத்தது மலைக்குப் போய்ச் சேரவேண்டும். நடுவில் அடுப்புக்குள் போகக்கூடாது.

திருவாரூர் மகள்:
போய்ச் சேராமல் போன கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் பெரிய பாட்டி திருப்பதிக்கென்று 500 ரூபாய் நோட்டுகளாக முடிந்து வைத்திருந்தார். வீட்டில் எவ்வளவு கஷ்டத்திலும் ஒருவரையும் தொட விடவில்லை. மூட்டு வலியில் மலைக்கும் போக முடியவில்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. சாமி முடிச்சை அவிழ்க்கக்கூடாது என்று அப்போதும் பிடிவாதம். முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே இருந்தது வெறும் காகிதம் ஆகிவிட்டது. சாமிக்கும் இல்லை, பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் இல்லை. உங்கள் விதிப்படி உருப்பட்ட வீடு அதுதானா ஐயா?

கும்பகோணம் கணக்கர்:
அது பாட்டியின் பக்தியால் வந்த நஷ்டம் இல்லை, வீட்டிலிருந்த மற்றவர்களின் சோம்பலால் வந்தது. டிசம்பர் 30 வரை வங்கியில் கட்ட நேரம் இருந்ததே. அவிழ்த்துக் கட்டிவிட்டு, புது நோட்டாக மறுபடி முடிந்திருக்கலாம்.

கோவை அம்மிணி:
அவிழ்த்து! அவிழ்க்கலாம்னு நீங்களே எழுதிட்டீங்க! எல்லாரும் பாத்துக்கங்க.

கும்பகோணம் கணக்கர்:
மாற்றி முடிவதற்கும் செலவழித்துவிட்டு முடிவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு பேசவேண்டியிருக்கிறது. மாற்றி முடிந்தால் கூட ஒரு ரூபாய் வைக்கத் தேவையே இல்லை. தேவைப்படுகிறது என்றால் ஏதோ குற்ற உணர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம். நான் ஆரம்பத்திலிருந்து கேட்பது இதைத்தான்.

திருவாரூர் மகள்:
குற்ற உணர்ச்சி இல்லை, நன்றி. ஆபத்தில் கொடுத்தவளுக்கு வெறும் கையோடு திருப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மொய்க் கவரில் நூற்றோடு ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிறீர்களே, அது எந்தத் தலைப்பில் ஐயா?

கும்பகோணம் கணக்கர்:
மொய் வேறு. அந்த ஒரு ரூபாய் அடுத்த விசேஷத்துக்கும் உறவு நீள வேண்டும் என்று வைப்பது.

திருவாரூர் மகள்:
எங்கள் ஒரு ரூபாயும் சமயபுரத்தாளோடு உறவு நீளத்தான்.

நெல்லைச்சீமை:
சரியாச் சொன்னிய!

கும்பகோணம் கணக்கர்:
உறவு நீள்வது எதற்கு? அடுத்த மாதமும் சிலிண்டருக்கு எடுக்கத்தானே?

ராயபுரத்தான்:
ஆமா, எடுக்கத்தான். தாயிகிட்ட எடுக்காம சேட்டுகிட்ட போவணுமா?

காயல் பிள்ளை:
எனக்கு வேறொரு சந்தேகம். திருவாரூர்த் தங்கச்சி வீட்டு பாட்டிலில் போடுவதெல்லாம் கடைக்காரன் வாங்க மறுத்த பத்து ரூபாய் நாணயமா? எங்கள் ஊரில் பல வீட்டு உண்டியலில் அதுதான் நிறைகிறது. செல்லாது என்று நினைப்பதைச் சாமிக்குத் தள்ளிவிடுவது எந்த விதத்தில் நேர்மை?

கும்பகோணம் கணக்கர்:
பத்து ரூபாய் நாணயம் செல்லும். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 2011 நாணயச் சட்டப்படி ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரை நாணயமாகவே கொடுக்கலாம். வாங்க மறுக்கிற கடைக்காரர்தான் தப்பு செய்கிறார்.

கோவை அம்மிணி:
சட்டம் சொல்லுதுங்க, எங்க தெரு பேக்கரிக்காரர் சொல்ல மாட்டேங்கறாரே. அதனாலதான் முருகனுக்குப் போகுது. முருகனாவது வாங்கிக்கறாரு.

காயல் பிள்ளை:
அதுதான் அம்மிணி என் வருத்தம். நல்லதை நமக்கு வைத்துக்கொண்டு, தள்ளிவிட முடியாததைக் கொடுப்பது காணிக்கையா?

கோவை அம்மிணி:
தள்ளிவிட முடியாததுன்னு யார் சொன்னாங்க? பத்து ரூபா பத்து ரூபாதான்னு இப்பத்தானே கணக்கர் சொன்னாரு. உங்களுக்குள்ள முதல்ல பேசி முடிங்க.

கும்பகோணம் கணக்கர்:
நாணயப் பேச்சை எழுப்பித் திசை திருப்பாதீர்கள். திருவாரூர் அம்மாவுக்கு மறுபடி கேட்கிறேன். ஒரு மாதம் திருப்பி வைக்க முடியாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனால் ஒரு ரூபாயா, இரண்டு ரூபாயா? இதற்கு எண்ணிக்கையில் பதில் தாருங்கள்.

திருவாரூர் மகள்:
தள்ளிப்போனதே இல்லை. அம்மா தள்ளவிட மாட்டாள்.

கும்பகோணம் கணக்கர்:
போயிருந்தால்?

நெல்லைச்சீமை:
போகலைன்னு சொல்லுதாவல்லா அண்ணாச்சி. போயிருந்தா, வந்திருந்தான்னு ஏன் இழுக்கீங்க? அன்னைக்கு அந்த ஐபோன்காரருக்கு நீங்க உண்டியல்ல இருந்து எடுத்துக் குடுத்திருப்பீங்களா, அதச் சொல்லுங்க முதல்ல.

கும்பகோணம் கணக்கர்:
கொடுத்திருக்க மாட்டேன். விதி விதிதான். இரண்டு ரூபாயா, ஒரு ரூபாயா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை, கவனிக்கவும்.

ராயபுரத்தான்:
போன கேட்டவனுக்குத் தரமாட்டாரு, வட்டி எவ்ளோன்னு மட்டும் அம்மனுக்கு முன்னாடி இவுரு கேப்பாரு. கேழ்வரகு மேட்டர்லயும் இப்டிதான்.

கும்பகோணம் கணக்கர்:
கேழ்வரகுதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.