திருவிழாக் கடையில் மக், டீசர்ட் பிரிண்டிங்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. உடுமலைப் பக்கம் திருவிழாக்களில் போட்டோ மக், டீசர்ட் பிரிண்ட் போட்டுத் தரும் சின்னக் கடை நடத்துகிறேன். போன வாரம் ஒரு கோயில் திடலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிவிட்டது. முதலில் மீன் கருகுவது போல ஒரு வாடை. பிளக்கை இழுத்தால் அதன் பின்கள் பழுப்பேறி, பிளாஸ்டிக் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

தப்பு என்னுடையதுதான். டீசர்ட் பிரஸ் 1800 வாட், அதாவது கிட்டத்தட்ட 8 ஆம்பியர். அதை 6 ஆம்பியர் பாக்ஸில் சொருகி, கூடவே மக் மெஷினையும் ஓட்டினேன். இப்போது 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் வாங்கிவிட்டேன். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்) ஒன்றும் மாட்டப் போகிறேன். ஆனால் ஜெனரேட்டரில் ஓட்டும்போது, எர்த் சரியாக இல்லாவிட்டால் அது டிரிப் ஆகுமா? திடலில் எர்த் ராடு அடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம் கூட்டம். மக் மெஷின் 180 டிகிரியில் இருக்கும்போது குழந்தைகள் மேசை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கிறார்கள். மெஷினைப் பின்னால் தள்ளினால் வியாபாரம் படுக்கிறது, ஏனென்றால் வேடிக்கை பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள்! தடுப்புக்கு என்ன வைக்கிறீர்கள்?

ஆடிக்காற்றைச் சொல்லவே வேண்டாம். தார்ப்பாய்க் கம்பத்துக்கு மணல் மூட்டை போதுமா, முளை அடிக்கணுமா? சனிக்கிழமை அடுத்த கடை, அதற்குள் சொன்னால் புண்ணியம்.