தியேட்டரில் கிளியர், ரிப்போர்ட்டில் இல்லை

அம்மாவுக்கு இடது மார்பில் 1.8 செ.மீ. கட்டி, கேன்சர்தான். மார்பை எடுக்க வேண்டாம், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுக்கலாம் என்றார் டாக்டர். ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு நர்ஸ் சின்ன டப்பாவோடு லிஃப்ட்டுக்கு ஓடினார். அரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "ஓரமெல்லாம் கிளியர்மா" என்றார், எடுத்த துண்டின் ஓரங்களில் புற்று இல்லை என்று. அன்றே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஒரு ஓரத்தில் டிசிஐஎஸ், அதாவது பால் குழாய்க்குள்ளேயே இருக்கும் ஆரம்பநிலைப் புற்று, வெட்டிய விளிம்பில் தடவிய மை வரை. திரும்பவும் தியேட்டர். முழு ரிப்போர்ட் பின்னால் வரும் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அன்னைக்கு அப்படி என்னத்தைப் பார்த்தாங்க?" என்று அம்மா கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

அந்த டப்பா எங்கள் மேசைக்குத்தான் வரும். பதினான்கு வருடமாக பேத்தாலஜி லேபில் இருக்கிறேன். டாக்டர் போட்டு அனுப்பும் தையல் நூலை வைத்துத்தான் எது மேல்பக்கம், எது அக்குள் பக்கம் என்று பார்ப்போம். பக்கத்துக்கு ஒரு நிறமாக மை தடவுவோம். அப்புறம் சந்தேகமான இடத்தை உறைய வைத்துச் சீவ வேண்டும். தொல்லையே இங்கேதான். மார்பில் கொழுப்பு அதிகம். மற்ற திசு கெட்டியாகிற குளிரில் அது சரியாகக் கெட்டியாகாது, பிளேடில் இழுபட்டுக் கிழியும். உள்ளே ஆள் மயக்கத்தில் இருக்கும்போது நாலைந்து துண்டுக்கு மேல் பார்க்க நேரமும் இல்லை. டிசிஐஎஸ் பால் குழாய்க்குள்ளேயே ஊர்ந்து போகும், பெரும்பாலும் கையில் தட்டுப்படாது. பார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, நிதானமாக வெட்டிப் பார்க்கும்போதுதான் பல நேரம் பிடிபடும். பரவும் வகைக் கட்டியில் மைமேல் புற்றுசெல் இல்லாவிட்டால் போதும் என்று 2014இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வரையறுத்தன. உங்கள் அம்மாவுக்கு மையையே தொட்டிருக்கிறது, விட முடியாது.

*

என் டாக்டர் கட்டியை எடுத்ததும் குழியைச் சுற்றி இன்னும் ஒரு மெல்லிய அடுக்கு சீவி எடுத்துவிட்டார். கூடுதலாக ஏன் எடுத்தீர்கள் என்று சண்டைக்கே போனேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வைச் சொன்னார். இப்படிச் சீவாதவர்களில் 21 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதாம், சீவியவர்களில் 10 சதவீதம். வாயை மூடிக்கொண்டேன்.

*

அம்மாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. நேற்று ரிப்போர்ட். இந்த முறை எடுத்த துண்டில் புற்று எதுவுமே இல்லை. அம்மாவுக்கு அதற்கும் கோபம். "அப்போ சும்மாவா வெட்டினாங்க?"