பெற்றோருடன் ரியோகானில் ஓர் இரவு தங்குவது சரிப்படுமா?

யோகோஹாமாவாசி எழுதியது:

வணக்கம். யோகோஹாமாவில் வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வரும் நவம்பரில் அப்பாவும் அம்மாவும் மூன்று வாரம் எங்களுடன் தங்க வருகிறார்கள். அவர்களை ஓர் இரவாவது ஓன்சென் எனப்படும் வெந்நீர் ஊற்று உள்ள ரியோகானுக்கு, அதாவது ஜப்பானிய மரபுவழி விடுதிக்கு, அழைத்துப் போக வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. எனக்குத்தான் தயக்கம்.

சென்ற மார்ச்சில் நாங்கள் பட்டதே அதற்குக் காரணம். மலைப்பகுதியில் உள்ள ஒரு ரியோகானில் இரண்டு வேளை உணவுடன் ஆளுக்கு 22,000 யென் என்று அறை பதிவு செய்திருந்தோம். பேருந்தைத் தவறவிட்டுவிட்டு, டாக்சி பிடித்து இரவு 7.40 மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, சமையலறையை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். நான்கு சோற்று உருண்டைகளும் கொஞ்சம் ஊறுகாயும்தான் வந்தன. கட்டணத்தில் ஒரு யென்கூடக் குறைக்கவில்லை. மறுநாள் காலை உணவை முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்புவதற்குள் படுக்கைகளைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டிருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் படுத்திருக்கலாம் என்று நினைத்திருந்த எங்களுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. நள்ளிரவில் போய் நின்றாலும் சாவியை எடுத்துக் கொடுக்கிற பிசினஸ் ஹோட்டலே மேல் என்று அன்று தோன்றியது. அந்த எண்ணம் இன்னும் முழுதாக மாறவில்லை.

இப்போது பெற்றோரை எண்ணும்போது கவலை கூடுகிறது. அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். அவர் முன்கையில் சிறு வயதில் குத்திய பச்சை இருக்கிறது. நான்கு விரற்கடை அகலத்தில் ஒரு கோலம். அப்பாவுக்கு 68 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். பிறர் முன்னிலையில் ஆடையின்றிக் குளிப்பது இருவருக்குமே நினைத்துப் பார்க்க முடியாத செயல். இந்த நிலையில் ரியோகானுக்குப் போகலாமா, போவதென்றால் எதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாகானோ மலையடி எழுதியது:

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. 14 ஆண்டுகளுக்கு முன் என் முதல் அனுபவமும் ஏறக்குறைய இப்படித்தான் முடிந்தது. ஆயினும் அந்த விடுதி உங்களை அலட்சியப்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. ஹோட்டலில் நாம் காசு கொடுத்து வாங்குவது அறையை. ரியோகானில் வாங்குவது, பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை பத்து மணிக்கு முடிகிற ஒரு நாள்முறையை. கட்டணத்தை அறைக்கு இவ்வளவு என்று சொல்லாமல், இரண்டு வேளை உணவோடு ஆளுக்கு இவ்வளவு என்று சொல்வதும் அதனால்தான்.

அந்த மாலையின் உள்வேலையைப் பார்த்தால் காரணம் தெரியும். இரவு விருந்து ஆறு அல்லது ஆறரை மணிக்குத் தொடங்கும். வறுத்தது சூடு ஆறுவதற்குள்ளும், பச்சை மீன் சில்லென்று இருக்கும்போதும் வந்து சேரும்படி, ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு கிண்ணங்களில் கொண்டுவந்து வைப்பார்கள். அவற்றைச் சுமந்து வருகிற நகாய் எனப்படும் பணிப்பெண்களில் பலர்தாம் மறுநாள் விடியற்காலையிலும் காலை உணவு பரிமாற வந்து நிற்பார்கள். விருந்தினர் கிளம்பிய பிறகு, அடுத்தவர் வருகிற பிற்பகல் வரையிலான இடைவெளிதான் அவர்களுக்கு ஓய்வு. பல ரியோகான்களில் வேலை நேரமே இப்படி நடுவில் பிளந்துதான் இருக்கிறது. ஒருவர் எட்டு மணிக்கு வந்து சாப்பாடு கேட்டால் சமையற்காரர், நகாய், பாத்திரம் கழுவுகிறவர் என அத்தனை பேருடைய தூக்கமும் தள்ளிப்போகும். உங்களுக்காக வாங்கிய மீனும் காயும் அன்று பிற்பகலே அரியப்பட்டிருக்கும் என்பதால் கட்டணத்தைக் குறைக்கவும் வழியில்லை. சமையற்காரர் வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சோற்று உருண்டைகளை விடுதியின் அம்மையாரே தம் கையால் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். பேருந்து போய்விட்டது என்று தெரிந்தவுடன் ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால் உங்கள் இரவு வேறுமாதிரி இருந்திருக்கும். அவர்களும் இதையெல்லாம் பதிவின்போதே தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு இது தானாகத் தெரியாது.

இனிக் குளியல். பொதுக் குளத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி என்றாலும், உள்ளே ஆடைக்கு இடமில்லை. முதலில் சிறு முக்காலியில் அமர்ந்து சோப்புப் போட்டு உடலை முழுதும் கழுவிக்கொண்டு, அதன்பிறகே நீரில் இறங்க வேண்டும். கையில் உள்ள சிறு துண்டு நீரில் படக் கூடாது. தலைமேல் மடித்து வைத்துக்கொள்வார்கள். பல விடுதிகளில் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் இரவோடு இரவாக இடம் மாறும், இரண்டு குளங்களையும் எல்லோரும் அனுபவிக்கட்டும் என்று. முந்தைய மாலை போன அதே வாசலுக்குள் விடியற்காலை அரைத்தூக்கத்தில் நுழையப் பார்த்து, தொங்கும் திரையின் நிறத்தைக் கடைசி நொடியில் கவனித்துப் பின்வாங்கியவன் நான்.

உங்கள் பெற்றோருக்கு இந்தச் சங்கடமே வேண்டாம். காஷிகிரி என்ற பெயரில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம்போல ஒதுக்கித் தருகிற பூட்டிய குளியலறை பல ரியோகான்களில் உண்டு. அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி இன்னும் வசதி. விலையும் அதற்கேற்ப ஏறும். சனிக்கிழமை இரவை விட்டுவிட்டு ஞாயிறு இரவு தங்கினால் கணிசமாகக் குறையும்.

அப்பாவைப் பொறுத்தவரை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது முதல் வேலை. பொதுவாக நீர் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். நம்மவர்களுக்கு முதலில் அது கொதிப்பாகவே படும். நவம்பரில் நீரின் சூட்டைவிட, குளிர்ந்த உடைமாற்றும் அறைக்கும் அந்த நீருக்கும் இடையிலான வேறுபாடே இரத்த அழுத்தம் உள்ளவரை அதிகம் தாக்கும். ஆகவே நேராக இறங்காமல், கால் தொடங்கி மேல்நோக்கி வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டு, மார்புக்குக் கீழே நீர் நிற்கும்படி ஐந்து நிமிடம் அமர்ந்தால் போதும். சாப்பிட்டவுடனும் மது அருந்திய பின்னும் இறங்கக் கூடாது. எழும்போது கைப்பிடியைப் பற்றி மெதுவாக எழச் சொல்லுங்கள்; தலைசுற்றல் வருவது அப்போதுதான்.

ஒசாகா குடியிருப்பு எழுதியது:

எல்லோரும் ரியோகானைப் புகழ்வதால் மாற்றுக் கருத்து ஒன்றும் இருக்கட்டும். மேல்மாடியில் பெரிய பொதுக்குளம் உள்ள பிசினஸ் ஹோட்டல்கள் இப்போது நிறைய இருக்கின்றன. வெந்நீரில் அமர்வதுதான் நோக்கம் என்றால் மூன்றில் ஒரு பங்குச் செலவில் காரியம் முடியும். ‘ஓன்சென்’ என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்திலிருந்து வெளிவரும் நீர் 25 டிகிரி இருந்தாலே ஓன்சென்தான். அதைவிடக் குளிர்ந்திருந்தாலும் பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஒன்று போதிய அளவு இருந்தால் போதும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, குளோரின் கலந்து, அதே நீரை மீண்டும் மீண்டும் சுற்றவிட்டுப் பயன்படுத்துகிற விடுதிகள் ஏராளம். 2004-இல் நாகானோவின் ஷிராஹோனே ஊற்றில் நீர் வெண்மையாகத் தெரிய வேண்டும் என்று குளியல் பொடி கலந்தது வெளியாகி நாடே பேசியது. நீரைக் காய்ச்சுகிறார்களா, சுற்றவிடுகிறார்களா, எதையாவது சேர்க்கிறார்களா என்பதை எழுதி ஒட்ட வேண்டும் என்ற விதி அடுத்த ஆண்டே வந்தது. உடைமாற்றும் அறைச் சுவரில் அந்த அறிவிப்பு இருக்கும். நான் குளத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் படிப்பேன்.

கீ நதிக்கரை எழுதியது:

தம்பி, குளியலுக்கு வழி இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு உண்மையான சிக்கல் சாப்பாட்டில்தான் வரும், அதைப் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை.

‘சைவம்’ என்று நாம் சொன்னால் இறைச்சித் துண்டு வேண்டாம் என்று சொல்வதாகவே பல விடுதிகள் எடுத்துக்கொள்ளும். ஜப்பானியச் சமையலின் அடித்தளமே தாஷி என்ற சாறு. அது பெரும்பாலும் கத்சுவோபுஷி எனப்படும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கப்படுகிறது, நம் மாசிக் கருவாட்டுக்கு உறவு. மீசோ என்ற சோயா விழுதில் செய்கிற சூப், வேகவைத்த கீரை, டோஃபு எனப்படும் சோயாக் கட்டிமேல் ஊற்றுகிற சாறு என்று கண்ணுக்கு மீனே தெரியாத இடத்திலெல்லாம் அது இருக்கும். தட்டில் காய்கறி மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, என் மாமியார் இரண்டு கிண்ணம் காலி செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. எனவே ‘சைவம்’ என்பதோடு நிறுத்தாமல், மீன் தாஷியும் கூடாது, கொம்பு, ஷீத்தாக்கே ஆகியவற்றின் சாறு ஆகலாம் என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள். கொம்பு என்பது தமிழ்ச் சொல்போல ஒலித்தாலும் ஒரு கடற்பாசி. ஷீத்தாக்கே ஒரு வகைக் காளான். போய் இறங்கிய பிறகு சொன்னால் சமையற்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. முடியாது என்று மறுக்கிற விடுதி நேர்மையான விடுதி. அதை விட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

இதில் கவலையே இல்லாத இடம் ஒன்று எங்கள் வாகயாமா மாகாணத்தில் இருக்கிறது. கோயாசான் மலையில், 816-இல் துறவி குகாய் தொடங்கிய மடநகரத்தில், ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் விருந்தினரைத் தங்க வைக்கின்றன. அங்கே கிடைக்கும் ஷோஜின் எனப்படும் மடத்துச் சைவ உணவில் மீனோ முட்டையோ கிடையாது. மரபுப்படி வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. எள்ளை அரைத்துச் செய்கிற கோமா டோஃபுவை ஒரு துண்டு வாயில் வைத்தவுடன் உங்கள் அம்மா செய்முறை கேட்பார். காலை ஆறு, ஆறரைக்குச் சந்நிதியில் மந்திரம் ஓதுவார்கள், உட்கார்ந்து கேட்கலாம். குறைகளும் உண்டு. ஏறத்தாழ 800 மீட்டர் உயரம் என்பதால் நவம்பர் இரவு நடுக்கும். தரையில் விரித்த ஃபுத்தோன் மெத்தையில்தான் படுக்க வேண்டும். குளியலறை பெரும்பாலும் பொதுவானது, வெந்நீர் ஊற்றும் பொதுவாக இருக்காது. முழங்கால் வலி இருந்தால் சாப்பிடுவதற்குத் தாழ்வான நாற்காலி கேட்டு வையுங்கள்.

பச்சை குத்தியதைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே அதைக் குற்றக் கும்பல்களின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஜப்பான் அரசின் சுற்றுலா முகமை 2015-இல் கேட்டபோது, விடை தந்த விடுதிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை அனுமதிப்பதில்லை என்றன. அம்மாவினுடையது சிறியது, தோல் நிறத்தில் விற்கிற ஒட்டுத்தாளால் மறைத்துவிடலாம், தனிக் குளியல் என்றால் அதுவும் தேவைப்படாது. கினோசாக்கி என்ற ஊரில் ஏழு பொதுக் குளியல் வீடுகளிலும் பச்சைக்குத் தடையே இல்லை. யுகாத்தா அங்கியும் மரச்செருப்புமாக ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஊரே நடந்துகொண்டிருக்கும், பார்க்கவே அழகு. ஆனால் நவம்பர் 6 அன்று அங்கே நண்டுப் பருவம் தொடங்குகிறது. அதன்பிறகு விலையும் நண்டு, விருந்தும் நண்டு. அம்மாவோடு போகிற மாதம் அதுவன்று.

இன்னொன்று, இதைப் பெண்கள்தாம் சொல்ல வேண்டும். கந்தக ஊற்று வெள்ளியைக் கறுப்பாக்கும். குசாட்சு என்ற வெந்நீர் ஊற்று ஊரில் ஒரே முழுக்கில் என் கொலுசு அடுப்புக்கரிபோல ஆகிவிட்டது. அம்மாவுக்கு மெட்டியைக் கழற்ற மனம் வராது என்றால் கந்தகம் இல்லாத ஊற்றாகத் தேர்ந்தெடுங்கள். யுகாத்தா கட்டும்போது இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்துகிற முறை.

யோகோஹாமாவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மார்ச்சில் நாங்கள் தொலைபேசி செய்யவில்லை என்பது உண்மைதான். ஜப்பானிய மொழியில் பேசுவதற்குக் கூச்சப்பட்டு, நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

கோயாசானில் ஓர் இரவு, வெந்நீர் ஊற்று ஊரான ஹாகோனேயில் ஓர் இரவு என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஹாகோனேயில் முதலில் கேட்ட இரண்டு ரியோகான்கள் மீன் தாஷி இல்லாமல் சமைக்க இயலாது என்று பணிவாக மறுத்துவிட்டன. மூன்றாவது ரியோகான் ஒப்புக்கொண்டது. காஷிகிரிக் குளியல் மாலை நாலரைக்கு அப்பாவுக்கும் எனக்கும், அதற்கடுத்து அம்மாவுக்கும் மனைவிக்கும் என்று குறித்திருக்கிறார்கள். உப்பு ஊற்று என்பதால் மெட்டிக்கும் ஆபத்தில்லை. குளியல் வரியாக ஆளுக்கு 150 யென் தனியாகக் கட்ட வேண்டும் என்பதையும் சொன்னார்கள்.

இம்முறை கடிதத்தோடு விடாமல், மனைவி எழுதித் தந்ததைப் பார்த்துப் படித்துத் தொலைபேசியிலும் பேசினேன். மறுமுனையில் இருந்த அம்மையார் காளான் ஆகுமா, தேன் ஆகுமா, அம்மாவுக்குத் தரையில் உட்கார முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியாக, ஹாகோனே யுமோத்தோ நிலையத்திலிருந்து எந்தப் பேருந்தில் வருகிறீர்கள் என்று கேட்டார். 2.35 மணிப் பேருந்து என்றேன்.