‘ஆலமரம்’ குடும்பக் குழு: அருணுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

அருண்: செந்தில் மாமா, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். இறுதியாண்டு புராஜெக்டுக்கு என் பழைய கார்டு ஜிடிஎக்ஸ் 1060 தாங்கவில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் (காட்சியை இறுதிப் படமாக்குவது) கொடுத்தால் ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) மெமரி போதவில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கலாமா? அப்பா 30,000 ரூபாய் வரை தருகிறேன் என்கிறார்.

அப்பா: மாப்பிள்ளை, கடையில் 3060, 4060, 5060 என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். விலையிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. எண் பெரியதை வாங்குவதுதானே நியாயம்?

செந்தில் மாமா: அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள் மச்சான். முதல் இரண்டு இலக்கம் தலைமுறையைச் சொல்கிறது; கடைசி 60 அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். தலைமுறை புதியது என்பதால் எல்லாவற்றிலும் மேல் என்று ஆகிவிடாது. வெளிவந்த ஆண்டு, அறிவித்த விலை, மெமரி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

1060: 2016, 249 டாலர், 6 ஜிபி
2060: 2019, 349 டாலர், 6 ஜிபி
3060: 2021, 329 டாலர், 12 ஜிபி
4060: 2023, 299 டாலர், 8 ஜிபி
5060: 2025, 299 டாலர், 8 ஜிபி

செந்தில் மாமா: 2021இல் 12 ஜிபி கொடுத்தவர்கள் அடுத்த தலைமுறையில் 8க்கு இறங்கினார்கள். சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே 192 பிட் அகலமாக இருந்த மெமரிப் பாதையையும் 128 ஆகச் சுருக்கினார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

திவ்யா அக்கா: சித்தப்பா, வேகத்தையும் சொல்லுங்கள். 3060க்கு 170 வாட் வேண்டும். 4060 வெறும் 115 வாட்டில் அதைவிட நன்றாக ஓடுகிறது. 5060இல் பாதை 128 பிட்தான் என்றாலும் ஜிடிடிஆர்7 என்ற வேகமான புதிய வகை மெமரி வைத்திருப்பதால் நொடிக்கு 448 ஜிபி கடத்துகிறது. 3060 கடத்துவது 360. அருணிடம் இருக்கும் 1060 வெறும் 192.

அப்பா: 249 டாலர் 299 ஆகியிருக்கிறது. ஒன்பது ஆண்டில் 50 டாலர்தானே ஏறியிருக்கிறது? பிறகு ஏன் கடையில் இந்த விலை?

செந்தில் மாமா: டாலரில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் 2016இல் டாலர் சுமார் 67 ரூபாய். அப்போது 249 டாலர் என்றால் 16,700 ரூபாய். 5060 வந்தபோது டாலர் 85 ரூபாய். 299 டாலர் 25,400 ஆகிறது. நம் கைக்கு வரும்போது ஏற்றம் பாதிக்கு மேல். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 30,000 அங்கேயே முடிந்துவிட்டது.

அம்மா: தம்பி, பழைய கார்டையே இன்னும் ஓராண்டு ஓட்ட முடியாதா?

செந்தில் மாமா: விளையாட மட்டும் என்றால் ஓட்டலாம் அக்கா. அந்தத் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) புதுப்பிப்பை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆனால் அவன் வேலையே நின்றுபோகிறதே, அதைப் பார்க்க வேண்டும்.

அருண்: விளம்பரத்தில் 5060 பல மடங்கு வேகம் என்று போட்டிருக்கிறார்களே மாமா?

திவ்யா அக்கா: அந்தக் கணக்கை நம்பாதே அருண். ஏஐ நடுவில் தானாக உருவாக்கிச் செருகும் பிரேம்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் 549 டாலர் 5070ஐக் காட்டி, 1,599 டாலர் 4090க்கு நிகர் என்றார் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங். அதிலும் இதே கணக்குதான். விளையாட்டில் அசைவு வழவழப்பாகத் தெரியும், அது உண்மை. உன் பிளெண்டர் ரெண்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

செந்தில் மாமா: சரியாகச் சொன்னாய் திவ்யா. அருண், உன் மதர்போர்டு பி450தானே?

அருண்: ஆமாம் மாமா, பிராசசர் ரைசன் 5 2600.

செந்தில் மாமா: அப்படியானால் பிசிஐஇ 3.0, அதாவது கார்டையும் கணினியையும் இணைக்கும் பாதையின் பழைய தலைமுறை. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். 5060 அந்தப் பாதையின் எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்தும். 3060 பதினாறையும் பயன்படுத்தும். 8 ஜிபி நிரம்பி மிச்சம் கணினியின் ராமுக்கு வழியும்போது, உன் பழைய போர்டில் அந்தப் பாதை மிகவும் குறுகல். வேகம் அப்படியே படுத்துவிடும்.

திவ்யா அக்கா: நிரம்பினால்தானே சித்தப்பா? 8 ஜிபிக்குள் அடங்கும் காட்சி என்றால் ரெண்டரில் 5060 தெளிவாக முந்தும்.

செந்தில் மாமா: அதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். அருண், நின்றுபோகும் அதே காட்சியை எடு. பிளெண்டரில் ரெண்டர் செய்யும் பகுதியான சைக்கிள்ஸ் அமைப்பில் ஜிபியூவை சிபியூ (கணினியின் பிராசசர்) என்று மாற்றி ரெண்டர் கொடு. நேரம் ஆகும், பொறுமையாக இரு. ரெண்டர் சாளரத்தின் மேலே மெமரி, பீக் என்று எண்கள் ஓடும். பீக் என்பதைக் குறித்துக்கொள். கிராபிக்ஸ் கார்டிலும் ஏறக்குறைய அவ்வளவு பிடிக்கும்.

அருண்: முடிந்தது மாமா. பீக் 9.4 ஜிபி. கோயில் மண்டபக் காட்சி அது. தூண்களுக்கு எல்லாம் 4கே டெக்ஸ்சர் (மேற்பரப்பில் ஒட்டும் உயர்தெளிவுப் படம்) போட்டிருக்கிறேன்.

திவ்யா அக்கா: அப்படியென்றால் 5060 வேண்டாம். 3060 12 ஜிபியே எடு. மெதுவாக என்றாலும் ரெண்டர் முடிய வேண்டும்.

அருண்: ஏஎம்டி 9060 எக்ஸ்டியில் 16 ஜிபி இருக்கிறதே அக்கா?

திவ்யா அக்கா: 349 டாலருக்கு வந்தது, வரியோடு 35,000 தாண்டும். விளையாட்டுக்கு நானே அதைத்தான் வாங்குவேன். ஆனால் பிளெண்டரில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் என்ற ரெண்டர் தொழில்நுட்பம் இன்னும் முன்னே நிற்கிறது.

அப்பா: ஆக, 2021இல் வந்ததை இப்போது வாங்கச் சொல்கிறீர்கள்.

செந்தில் மாமா: அவனுடைய இந்த வேலைக்கு, ஆமாம் மச்சான். பணம் இன்னும் 14,000 கூட்ட முடிந்தால் 5060 டிஐ 16 ஜிபி என்பேன். 429 டாலருக்கு வந்தது; வேகமும் இடமும் இரண்டும் கிடைக்கும். முடியாது என்றால் 3060இல் ஒரு குறையும் இல்லை.

அப்பா: முடியாது மாப்பிள்ளை. கல்லூரிக் கட்டணம் வேறு நிற்கிறது.

செந்தில் மாமா: சரி, 3060. ஆனால் கவனம் அருண். அதே 3060 பெயரில் 2022 கடைசியில் 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்றையும் விட்டார்கள். 1060இலும் 3 ஜிபி என்று ஒன்று வந்தது, உள்ளே கோர்களையே குறைத்திருந்தார்கள். பெட்டியில் 12 ஜிபி, 192 பிட் இரண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்.

அம்மா: பழையது குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று எதிர்வீட்டுப் பையன் சொல்கிறானே தம்பி?

செந்தில் மாமா: வேண்டாம் அக்கா. 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்தீரியம் கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் முடிவுக்கு வந்ததும், இரவும் பகலும் ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வந்தன. துடைத்துப் புதிதுபோல் வைத்திருப்பார்கள். மின்விசிறியை விரலால் சுற்றினால் கரகரப்பு தெரியும், திருகுகளில் திறந்த கீறல் இருக்கும். பார்த்துப் பழகியவனுக்கே சிரமம். அவனுக்கு வாரண்டியோடு புதிதே வாங்கிக் கொடுங்கள்.

அருண்: என் பவர் சப்ளை 450 வாட் மாமா. போதுமா?

செந்தில் மாமா: 1060க்கு 120 வாட் போதும், அதனால் இதுவரை ஓடியது. 3060க்கு 550 வாட் என்று என்விடியாவே சொல்கிறது. அதையும் சேர்த்து மாற்றிவிடு, அதில் மிச்சம் பிடிக்காதே. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்கு நானும் வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் பில்லில் மாடல் எண்ணை முழுதாக எழுதி வாங்க வேண்டும்.

அப்பா: காலை 11 மணிக்கு சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் நிற்கிறோம் மாப்பிள்ளை.