போலீஸ் வந்து ஸ்டோரைத் திறக்கச் சொன்னால் திறந்துதான் ஆகணுமா?

லயத்துவீடு:
மலேசியா, பேராக்கில் ஒரு தோட்டப்புற டவுன். தோட்டம் கைமாறிய பிறகும் பழைய லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறோம். வீட்டுக்காரர் கான்ட்ராக்டில் புல் வெட்டுகிறார். போன செவ்வாய் ராத்திரி பத்தரைக்கு மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். போலீஸாம், ஆனால் யூனிஃபார்ம் இல்லை. தோட்டத்தில் உர மூட்டை காணோம், பின்னால் இருக்கும் ஸ்டோரைப் பார்க்கணும் என்றார்கள். அவர் வீட்டில் இல்லை. மாமியார் பயந்துபோய் சாவியைக் கொடுத்துவிட்டார். நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். கோழித் தீனி டின்னைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். உரம் இல்லை. போகும்போது புல் வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. நான் வாரன்ட் கேட்டிருக்கணுமா? மெஷின் இல்லாமல் அவருக்கு வேலையே இல்லை.

பழைய கிராணி:
தோட்ட ஆபிசில் முப்பது வருஷம் இருந்தேன்மா. திருட்டு கேஸ் என்றால் போலீஸோடு லயத்துக்குப் போகிற வேலை என் தலையில்தான் விழும்.

வாரன்ட் கேட்டிருந்தாலும் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள். சாதாரணமாக மாஜிஸ்திரேட் வாரன்ட் வேண்டும்தான். ஆனால் திருட்டுப் பொருள் ஓர் இடத்தில் இருப்பதாகத் துப்பு வந்து, வாரன்ட் வாங்கி வருவதற்குள் அதைக் கடத்திவிடுவார்கள் என்று நம்ப நல்ல காரணமும் இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 62வது பிரிவின்படி வாரன்ட் இல்லாமலே தேடலாம். போதைப்பொருள் என்றால் அது வேறு சட்டம், 1952ஆம் ஆண்டினுடையது. அங்கே இன்ஸ்பெக்டருக்கே அந்த அதிகாரம் உண்டு.

நீங்கள் கோட்டை விட்ட இடம் அடுப்படி. தேடும்போது வீட்டு ஆள் கூடவே நின்று பார்க்கலாம், அதைத் தடுக்க முடியாது. எடுத்த பொருள் என்ன, எங்கே கிடைத்தது என்று லிஸ்ட் எழுதி அதிகாரி கையெழுத்துப் போடணும். 64, 65வது பிரிவுகள். காப்பி உங்களுக்கு உண்டு, ஆனால் கேட்டால்தான். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

யூனிஃபார்ம் இல்லாவிட்டால் போலீஸ் அடையாளக் கார்டைக் கேளுங்கள். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் நீலம், அதற்குக் கீழே மஞ்சள், ரிசர்வ் போலீஸ் வெள்ளை. சிவப்பு என்றால் சஸ்பெண்ட் ஆனவர், உள்ளே விடாதீர்கள்.

லோரிக்காரன்:
அண்ணே, சட்டம் பேசினால் அவனுங்களுக்குக் கோபம்தான் வரும். என் மச்சான் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அன்று ராத்திரி லாக்கப்பில் படுத்தான்.

பழைய கிராணி:
மறிக்கச் சொன்னேனா தம்பி? வழிவிட்டு நின்று பேர், நம்பரை எழுதிக்கொள். அவ்வளவுதான்.

ஈப்போ அக்கா:
வக்கீல் ஆபிசில் வேலை செய்கிறேன். சந்தேகப்பட்ட பொருளை எடுக்க அதே நடைமுறைச் சட்டத்தின் 435வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் 413இன்படி அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கணும், யாரிடம் கொடுப்பது என்று அவர்தான் உத்தரவு போடுவார். மெஷின் வாங்கிய ரசீதோடு பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷனுக்கு) போய், கேஸைப் பார்க்கும் அதிகாரி யார் என்று கேளுங்கள். இழுத்தடித்தால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. அப்புறம் ஒன்று, பெண்ணின் உடம்பைச் சோதிப்பதென்றால் பெண் போலீஸ்தான் செய்யணும்.

லயத்துவீடு:
ரசீது சாமி மேடைக்குக் கீழே பிஸ்கட் டின்னில் இருந்தது. மை மங்கியிருந்தாலும் சீரியல் நம்பர் தெரிகிறது. நாளைக்கு இருவரும் போகிறோம். கார்டு என்ன நிறம் என்று மாமியாரைக் கேட்டேன். "டார்ச் லைட்டை என் மூஞ்சியில அடிச்சிக்கிட்டு காட்டுனா, என்னா நெறம் தெரியும்?" என்கிறார்.