உப்பு மட்டும் போட்டுச் சுட்ட கோழி இறக்கை: வீட்டில் தெபாசாகி செய்தவர்கள் பகிரலாம்

தொடங்கியவர் (தோக்கியோ, நிஷிகசாய்)

எட்டு வருடமாக இங்கே இருக்கிறோம். எங்கள் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கோழித் துண்டுகளைக் கம்பியில் கோத்துச் சுட்டுத் தரும் ஒரு சின்ன யாகிதோரி கடை உண்டு. எட்டுப் பேர்தான் உட்கார முடியும். போன குளிர்காலத்தில் ஒரு நாள் அடுப்புக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. பெரியவர் ஒருவர் தெபாசாகி சுட்டுக்கொண்டிருந்தார். இறக்கையின் நடுத் துண்டும் நுனியும் சேர்ந்த பகுதிக்குத்தான் தெபாசாகி என்று பெயர். அதை விரித்து இரண்டு கம்பியில் கோத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து உப்பைத் தூவினார். அவ்வளவுதான். கடித்தால் தோல் அப்பளம் போல நொறுங்கியது, உள்ளே சாறு நிறைந்திருந்தது. வேறு என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். "ஷியோ தகே" என்றார். உப்பு மட்டும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கோழி என்றால் மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, தயிர் போட்டு ஊறவைத்துத்தானே நமக்குப் பழக்கம்? அதனால் வீட்டில் முதல் தடவை சோயா சாஸ், மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), பூண்டு எல்லாம் கலந்து ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். இங்கே கேஸ் அடுப்புக்குக் கீழே மீன் சுடுவதற்கென்று ஓர் இழுப்பறை இருக்குமே, அதில் வைத்தேன். ஐந்தே நிமிடத்தில் மேலே கரி, உள்ளே எலும்பை ஒட்டி ரத்தம், வீடு முழுக்கப் புகை. மிரினிலும் ஊறலிலும் இருக்கும் சர்க்கரை கறி வேகும் முன்பே கருகிவிடும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அடுத்த வாரம் பெரியவர் செய்தபடியே செய்தேன். பத்து இறக்கைக்கு ஒரு டீஸ்பூன் உப்பு. சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வாங்கியதும் கிச்சன் பேப்பரால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். தோல் ஈரமாக இருந்தால் முதலில் தண்ணீர்தான் வற்றும், மொறுமொறுப்பு வரவே வராது. தோல் மெல்லிசாக இருக்கும் உள்பக்கத்தில் இரண்டு எலும்புக்கும் நடுவே கத்தி நுனியால் ஒரு கீறல் போட்டு விரிக்க வேண்டும். எலும்புக்குப் பக்கத்திலிருக்கும் கறி அப்போதுதான் தோலோடு சேர்ந்து வேகும். என்னைக் கேட்டால் இந்த ஒரு கீறலில்தான் பாதிச் சமையல் இருக்கிறது. உப்பு தடவி, மூடாமல் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். உப்பு இழுத்த தண்ணீரை மறுபடி ஒற்றினேன்.

எங்கள் வீட்டு கிரில்லில் தீ மேலிருந்து மட்டும்தான் வரும். அதனால் முதலில் கறிப்பக்கம் மேலே, மிதமான தீயில் எட்டு நிமிடம். பிறகு திருப்பித் தோல் மேலே, ஆறு நிமிடம். நுனியில் ஃபாயில் சுற்றினால் அது மட்டும் கருகாது. அன்றைக்கு என் ஆறு வயது மகன் நான்கு துண்டு சாப்பிட்டான். எலுமிச்சை பிழிந்து தரட்டுமா என்றேன், "வேண்டாம்மா, இப்படியே இருக்கட்டும்" என்றான்.

சாஸ் பிடித்தவர்களுக்கு: சோயா சாஸ் நான்கு ஸ்பூன், மிரின் நான்கு, சாகே (அரிசி மது) இரண்டு, சர்க்கரை ஒன்று. பாதியாக வற்றும்வரை காய்ச்ச வேண்டும். இதற்குப் பெயர் தாரே. கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரண்டு தடவை பூசுங்கள். அதற்கு முன்னால் பூசினால் எனக்கு முதல் நாள் ஆனதுதான் ஆகும். நல்ல மிரினில் 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உண்டு. அது வேண்டாம் என்பவர்கள் மிரினுக்கும் சாகேக்கும் பதிலாகச் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக்கொள்ளலாம். ருசி கொஞ்சம் மாறும், மோசமாக இருக்காது.

உறுப்பினர் (நாகோயா)

அக்கா, தெபாசாகி என்றாலே எங்கள் ஊர்க்காரர்கள் எண்ணெயில் பொரித்ததைத்தான் சொல்வார்கள். மாவில் தோய்க்காமல், முதலில் குறைந்த சூட்டிலும் பிறகு அதிகச் சூட்டிலுமாக இரண்டு முறை பொரித்து, இனிப்பும் காரமுமான சாஸ் பூசி, மிளகும் எள்ளும் தூவுவார்கள். 1963-ல் தொடங்கிய ஃபுராய்போ கடையிலிருந்து வந்தது அது. அதற்கு முன்பு இறக்கை சூப்புக்குப் போகும் பொருளாகத்தான் பெரும்பாலும் இருந்ததாம்.

வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க எனக்குச் சோம்பல், கிரில் கழுவ அதைவிடச் சோம்பல். அதனால் ஃபிரையிங் பானிலேயே செய்கிறேன். எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம். இன்னும் சூடேறாத பானில் தோல்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே ஃபாயில் போட்டு, தண்ணீர் நிரப்பிய பாத்திரம் ஒன்றைப் பாரமாக வைத்துவிடுவேன். மிதத்துக்கும் குறைவான தீயில் பத்து நிமிடம். தோலிலிருந்து அதன் கொழுப்பே கசிந்து, அதிலேயே அது பொரியும். கொழுப்பை அவ்வப்போது துடைத்து எடுத்தால்தான் சுட்ட வாசம் வரும், இல்லையென்றால் பொரித்த வாசம்தான். பிறகு பாரத்தை எடுத்துவிட்டுத் திருப்பி ஐந்து நிமிடம். கடைசியில் மிளகுத்தூளைக் கை நிறையத் தூவுங்கள், நாகோயா ருசி பாதி வந்துவிடும்.

சாப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மூட்டில் முறுக்கி நுனியைத் தனியாக எடுத்துவிட்டு, மீதியை வாயில் வைத்துப் பற்களால் பிடித்துக்கொண்டு எலும்பை இழுத்தால் சுத்தமாக வந்துவிடும். என்னோடு வேலை செய்யும் ஒரு பாட்டியம்மா கற்றுத்தந்தார்.

உறுப்பினர் (ஜப்பானில் இருந்துவிட்டு இப்போது கோயமுத்தூர்)

ஐந்து வருடம் ஒசாகாவில் இருந்தேன். இங்கே வந்ததும் முதல் சிக்கல் தோல். கறிக்கடையில் சொல்லாமல் விட்டால் தோலை உரித்துத்தான் தருவார்கள். தோல் இல்லாத இறக்கையைச் சுட்டால் காய்ந்த குச்சிதான் மிஞ்சும். "தோலோடு வேணும்ணா, மயிர் மட்டும் சுத்தமா எடுத்துக் கொடுங்க" என்று காலையிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன்.

அடுப்பு, மாடியில் பழைய கரி அடுப்பு. ஜப்பானில் கிஷூ பகுதியின் "பின்சோதான்" என்ற கரி பேர்போனது. புகை குறைவு, சூடு நின்று எரியும். எனக்குக் கிடைப்பது தேங்காய்ச் சிரட்டைக் கரி. சூடு நன்றாகவே நிற்கிறது. கரியில் தீ நாக்கு எழும்பும்போது இறக்கையை வைக்காதீர்கள், மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவந்திருக்கும்போது வையுங்கள். கொழுப்பு சொட்டித் தீ பிடித்தால் துண்டை நகர்த்திவிட்டு விசிறுங்கள். ஒசாகா கடையில் உச்சிவா விசிறியால் வீசிக்கொண்டே நிற்பார்கள். என் கையில் அம்மாவின் பனையோலை விசிறி. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கரியை வீட்டுக்குள், ஜன்னல் திறந்திருந்தாலும், மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது.

தொடங்கியவர்

கோயமுத்தூர் அண்ணா, சிரட்டைக் கரி விவரத்துக்கு நன்றி. மே மாதம் ஊருக்கு வரும்போது எங்கள் வீட்டு மாடியில் செய்து பார்க்கிறேன்.

தனியே கேட்ட தோழிக்கு: எலும்பை ஒட்டி லேசாகச் சிவந்திருந்தால் வேகவில்லை என்று அர்த்தமில்லை. இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசியும். தெர்மாமீட்டர் இருந்தால் எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள், 74 டிகிரி செல்சியஸ் தாண்டியிருந்தால் போதும். இன்று மாலை எட்டு மணிக்கு மேல் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு பாக்கெட் கிடைத்தது. இப்போதுதான் உப்பு தடவி ஃபிரிட்ஜில் வைத்தேன்.