வீட்டு நீச்சல் தடாகத்தைச் சூரிய வெப்பத்தால் சூடாக்குவது எப்படி? (மெல்பேர்ண், கொரோனா முடக்கக் காலம்)

கேள்வி: வடலி, மெல்பேர்ண், செப்டெம்பர் 2020

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகன் பிறந்ததையொட்டி அம்மாவும் அப்பாவும் பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். மார்ச் 20ஆம் திகதி அவுஸ்திரேலியா தன் எல்லையை மூடியது. இலங்கையும் அதே மாதத்தில் வருகை விமானங்களை நிறுத்தியது. அன்று முதல் இருவரும் எங்களுடனேயே இருக்கிறார்கள். ஊரில் ஒரு நாளைக்குப் பத்து வீட்டு முற்றம் மிதித்து வருகிற அம்மா, வீட்டிலிருந்து 5 கிலோமீற்றர் எல்லை, இரவு ஊரடங்கு, எவர் வீட்டுக்கும் போகக்கூடாது என்ற கட்டுப்பாடுகளுக்குள் நாளுக்கு நாள் பேச்சுக் குறைந்து வருவதைப் பார்க்கும்போது மனம் மிகவும் வருந்துகிறது.

அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்வு உண்டு. வெதுவெதுப்பான நீரில் நடப்பது நல்லது என்று இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கூறியதால், மார்ச் வரை அருகிலிருந்த பொதுத் தடாகத்துக்கு அழைத்துச் சென்றோம். இப்போது அது பூட்டிக் கிடக்கிறது. எங்கள் வீட்டின் பின்புறம் 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட, ஏறத்தாழ 40,000 லீற்றர் நீர் கொள்ளும் தடாகம் இருந்தும், அதன் வெப்பநிலை 13 பாகையாக இருப்பதால் காலை வைக்கவே முடிவதில்லை.

வன்பொருட் கடைகளுக்குள் செல்ல அனுமதி இல்லை என்பதால், இணையத்தில் பதிவு செய்து, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் 19 மில்லிமீற்றர் கறுப்புக் குழாய் 100 மீற்றர் வாங்கி, அதைச் சுருளாகப் புல்தரையில் விரித்து, சிறு நீர்ப்பம்பி ஒன்றால் தடாகத்து நீரை அதனூடாகச் செலுத்துகிறேன். ஓட்டத்தை நிறுத்தி வைத்தால் நண்பகலில் குழாயின் உள்ளிருக்கும் நீர் கையைச் சுடுகிறது. ஓட விட்டாலோ ஒரு பாகை, இரண்டு பாகைதான் கூடி வெளிவருகிறது, தடாகமும் சூடேறுவதில்லை. ஓட்டத்தை இன்னும் மெதுவாக்க வேண்டுமா? செம்புக் குழாய்க்கு மாற வேண்டுமா, அல்லது மேலே கண்ணாடி மூட வேண்டுமா? ஒக்டோபர் மாதத்துக்குள் அம்மாவை நீரில் இறக்க வழி உண்டா?

மறுமொழி: மணல்மேடு, பேர்த்

வணக்கம் தம்பி. உங்கள் அமைப்பு பழுதின்றி வேலை செய்கிறது. அதன் பரப்புத்தான் போதவில்லை.

ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை உயர்த்த ஒரு கிலோகலோரி தேவை என்ற பள்ளிக்கூடக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 40,000 லீற்றருக்கு 40,000 கிலோகலோரி, அதாவது மின் அளவில் ஏறத்தாழ 46 யூனிட் ஆகிறது. உங்கள் குழாய் 100 மீற்றர் நீளமாக இருந்தாலும், வெயில் படும் அதன் பரப்பு சுமார் 2 சதுர மீற்றர் மட்டுமே. மெல்பேர்ணில் இந்த மாதம் ஒரு சதுர மீற்றரில் நாளொன்றுக்கு 4 யூனிட் அளவு வெயில் விழுகிறது என்றும், அதில் அறுபது வீதம் நீரைச் சேர்கிறது என்றும் கொண்டால், உங்களுக்குக் கிடைப்பது 5 யூனிட்; தடாகம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு உயரும். கிணற்றுக்குள் ஒரு கேத்தல் சுடுநீரை ஊற்றியது போலத்தான்.

ஓட்டத்தை மெதுவாக்க வேண்டாம். வெளிவரும் நீர் கைக்குச் சூடாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் குழாய் சூடாக இருக்க இருக்க அது காற்றுக்கு இழக்கும் வெப்பமும் கூடுவதால், தடாகத்தைச் சேரும் மொத்த வெப்பம் குறைந்துவிடும். நிறைய நீர், சிறிய வெப்ப உயர்வு என்பதே இதற்குரிய முறை. கண்ணாடியும் வேண்டாம்; விழும் ஒளியில் ஒரு பங்கை அது தடுக்கும். காற்றைவிட மிக அதிகமாகச் சூடேற வேண்டிய கருவிகளுக்கே அது பெரிதும் பயன்படும்.

இங்கே பொதுவாகத் தடாகத்தின் மேற்பரப்பளவில் எழுபது முதல் நூறு வீதம் வரையான அளவுக்குச் சூடாக்கும் பரப்பைக் கூரையில் வைப்பார்கள். உங்களுடையது 32 சதுர மீற்றர் என்பதால் குறைந்தது 22 சதுர மீற்றராவது வேண்டும். தோட்டக் குழாயால் அதை நிரப்புவதானால் ஆயிரம் மீற்றருக்கு மேல் தேவைப்படும். நாம் பிறந்த நாட்டைப்போல் அன்றி இங்கே நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழுவதால், வடக்கு நோக்கிய கூரையைத் தேர்ந்தெடுங்கள்.

மறுமொழி: நொய்யல்கரை, பிரிஸ்பேன்

மேலே சொன்ன கணக்கு மிகச் சரியானது. ஆனால் கூரை வேலைக்கு முன்னால் குளத்தை மூடுங்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் திறந்த நீச்சல் குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி ஆவியாதலால்தான் போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.68 யூனிட் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உங்கள் குளத்தில் ஒரு நாளில் 3 மில்லிமீட்டர் நீர் குறைந்தால் அது 96 லிட்டர். போன வெப்பம் 65 யூனிட், அதாவது ஏறத்தாழ ஒன்றரை டிகிரி. காற்றுக் குமிழ்கள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பை, குமிழ்ப் பக்கம் நீரைத் தொடும்படி மிதக்கவிட்டால், இந்த இழப்பு பெருமளவு நின்றுவிடும். கடைக்குள் போகாமலே அதை வாங்கலாம்.

குழாய்களை ஒரே நீண்ட சுருளாக விடாமல், இருபுறமும் பெரிய குழாய்களை வைத்து, அவற்றுக்கிடையே சிறு குழாய்களைப் பக்கம் பக்கமாக இணையுங்கள். 100 மீட்டர் நீளத்துக்குள் அதிக நீரைத் தள்ள முயன்றால் உராய்வே பம்பின் வலுவைத் தின்றுவிடும். கூரையின் உச்சியில் காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்று அவசியம். பம்பு நின்றதும் நீர் கீழே இறங்கும்போது அது இல்லையென்றால் குழாய்கள் உறிஞ்சப்பட்டு நசுங்கலாம். செம்பு வேண்டவே வேண்டாம். குளத்து நீரின் அமிலத்தன்மை சற்றுக் கூடினாலும் செம்பு கரைந்து சுவர்களில் பச்சைக் கறை படியும்.

வீட்டில் குழந்தை இருப்பதால் இன்னொன்று. குளத்தைச் சுற்றியுள்ள வேலியின் வெளிப்புறத்தில் 90 சென்டிமீட்டருக்குள், குழந்தை கால் வைத்து ஏறக்கூடிய வகையில் குழாய்ச் சுருளோ பெட்டியோ இருக்கக்கூடாது. யார் நீரில் இறங்கினாலும் விரிப்பை முழுவதும் அகற்றிய பிறகே இறங்க வேண்டும். அதன் அடியில் சிக்கிக்கொண்டால் மேலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. உங்கள் விக்டோரியா மாநிலத்தில் நீச்சல் குளங்களை 2020 நவம்பர் 1க்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

மறுமொழி: செம்பருத்தி, சிட்னி

நான் இயன்மருத்துவராகப் பணிபுரிகிறேன். மூட்டுப் பயிற்சிக்கான தடாகங்களை நாங்கள் 33, 34 பாகையில் வைத்திருப்போம். சூரிய வெப்பமும் விரிப்பும் சேர்ந்தாலும் ஒக்டோபரில் உங்கள் தடாகம் அந்த அளவை எட்டாது. கோடையில் 26 பாகை வந்தால் அதுவே நல்ல பலன். இருபதுக்குக் கீழான நீரில் முழங்கால் நோயுள்ள ஒருவரை இறக்கினால் தசைகள் இறுகி, வலி கூடும், படியில் சறுக்கவும் கூடும்.

அதுவரை அம்மாவைச் சும்மா இருக்க விடாதீர்கள். உறுதியான கதிரையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டிச் சில நொடிகள் பிடித்து இறக்குவது, கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது ஆகிய இரண்டும் தொடைத் தசையை வலுப்படுத்தும். முழங்காலின் சுமையைத் தாங்குவது அந்தத் தசைதான். அவரைப் பார்த்த இயன்மருத்துவரிடம் காணொளி வழியாக ஆலோசனை பெற முடியுமா என்று கேளுங்கள். பேச்சுக் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முழங்கால் வலியைவிடச் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுமதிக்கப்பட்ட உடற்பயிற்சி நேரத்தில் அவருடன் நாள்தோறும் நடந்துவிட்டு வாருங்கள், குடும்ப வைத்தியரிடமும் சொல்லி வையுங்கள்.

வடலி

அண்ணா, அக்கா, மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. விரிப்பை இன்றே பதிவு செய்கிறேன். கூரை வேலையைக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, உதவிக்கு ஆள் வரக்கூடிய நாளில் தொடங்குவேன். கையில் இருக்கும் 100 மீற்றர் குழாயை அம்மாவுக்கு இப்போதே பயன்படுத்த வழி உண்டா? அமர்ந்து கால்களை முழங்கால் வரை நீரில் வைத்திருக்கும் அளவுக்கு ஒரு பெரிய தொட்டி வீட்டில் இருக்கிறது.

மணல்மேடு, பேர்த்

தாராளமாகச் செய்யலாம். 150 லீற்றர் நீரை 14 பாகையிலிருந்து 34 பாகைக்கு உயர்த்த மூன்றரை யூனிட்தான் தேவை. நல்ல வெயில் நாளில் உங்கள் சுருள் தரக்கூடிய அளவுக்குள் அது அடங்கும். நீர் சூடேறச் சூடேறச் சுருளின் திறன் குறையும் என்பதால், தொட்டியைச் சுற்றிப் பழைய கம்பளியைக் கட்டி, மேலே மூடி, காலை பத்து மணிக்கே ஓட விடுங்கள். தடாகத்து நீரை எடுக்காமல் வீட்டுக் குழாய் நீரையே அன்றன்று நிரப்பி, மாலையில் மரங்களுக்கு ஊற்றிவிடுங்கள். வெதுவெதுப்பான நீரை நாட்கணக்கில் தேக்கி வைப்பது கூடாது. ஓட்டம் நின்றிருந்த குழாயிலிருந்து முதலில் வரும் நீர் கொதிநிலைக்கு அருகில் இல்லாவிட்டாலும் தோலைச் சுட்டுவிடும். ஆகையால் நன்றாகக் கலக்கி, வெப்பமானியால் 36 பாகைக்கு மேல் இல்லை என்று உறுதிசெய்து, பம்பியின் மின்இணைப்பைக் கழற்றி, பம்பியை நீரிலிருந்து வெளியே எடுத்த பிறகே அம்மாவைக் கால் வைக்கச் சொல்லுங்கள்.